தலைவரின் மீசை கணவாயைத் தாண்டிய விதம்

முட்டாள்களைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் வழக்கமாக வேறு யாரையோ பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தக் கதையில் வருகிற நாலு பேரில் நானும் ஒருவன். போதாததற்குச் சங்கத்தின் செயலாளரும் நான்தான்.

தாராபுரம் மிதிவண்டிச் சங்கம் என்றால் மொத்தமே நாங்கள் நாலு பேர்தான். தலைவர் சென்னியப்பன் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். நாச்சிமுத்து வாத்தியார் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். குழந்தைவேலுவுக்கு உரக்கடை. அப்புறம் ரத்தினசாமி என்கிற நான். தினமும் காலையில் அமராவதிப் பாலம் வரை மிதித்துப் போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்தப் பாலம்தான் எங்களுக்குத் தெரிந்த மலை.

தலைவருடைய மீசை காங்கேயம் காளையின் கொம்பு மாதிரி இருக்கும். மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி பொங்கியண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தெம்பெல்லாம் மீசையிலயே நின்னு போச்சுங்க, காலுக்கு எறங்கலை" என்று சொல்லிவிட்டார்.

தலைவர் பாயசத்தைத் தள்ளி வைத்தார். "மத்தியதரைக் கடல்ல கார்சிகான்னு ஒரு தீவு இருக்குதுங்க. முழுக்க மலை. சைக்கிள்காரங்கெல்லாம் லீவுக்கு அங்கதான் போறாங்க. அங்கிருக்கற பெரிய கணவாயை மிதிச்சே தாண்டி போட்டோ அனுப்பறேன். தாண்டலீன்னா இந்த மீசையை எடுத்துப்போடறேன்" என்றார்.

பந்தியில் இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீசை இல்லாமல் அவர் ஊருக்குள் நடமாட முடியாது. ஆகவே நாங்கள் நாலு பேரும் கார்சிகாவுக்குப் போனோம், நாலு நாள் பயணம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்ணின் பெயர் மத்தில்த். அவர் இங்கிலீஷில் பேசுவார், வாத்தியார் எங்களுக்குத் தமிழில் சொல்வார். முதல் நாள் ஆளுக்கொரு வாடகை சைக்கிளும் ஒரு விதிமுறைத் தாளும் கொடுத்தார். அச்சடித்த எதையும் நாங்கள் மீறியதில்லை.

சாலையில் விலங்கு வந்தால் அது விலகும்வரை நின்று வழிவிட வேண்டும் என்று தாளில் இருந்தது. அந்தத் தீவில் பன்றிகள் ரோட்டில் தாராளமாகத் திரியும். இரண்டாவது வளைவில் ஒரு பன்றி நடுரோட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கி நின்றோம். மற்ற சைக்கிள்காரர்கள் எல்லாம் பன்றிக்கு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாமளும் ஓரமா போயிரலாமுங்களா?" என்று குழந்தைவேலு கேட்டார்.

"நில்லுன்னுதான் போட்டிருக்குது. ஓரமா போன்னு போடலீங்களே" என்றார் வாத்தியார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பன்றி எழுந்தது. எழுந்து, கணவாய் இருக்கிற திசையிலேயே நடக்க ஆரம்பித்தது. அதற்குப் பின்னாலேயே நாங்களும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். சாயங்காலத்துக்குள் இரண்டு கிலோமீட்டர்தான் ஆனது.

இரண்டாம் நாள், ஏற்றத்தில் சைக்கிளில் பாரம் குறைவாக இருந்தால் நல்லது என்று மத்தில்த் சொன்னார். ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. வாத்தியார் ரொம்ப நேரம் யோசித்தார்.

"தண்ணி பாட்டில்ல இருந்தா சைக்கிள் சொமக்குது. வயித்துல இருந்தா நாம சொமக்கறம். சைக்கிளுக்குப் பாரம் மிச்சமுங்க."

மலையடிவாரத்திலேயே எட்டு பாட்டிலையும் குடித்து முடித்தோம். அன்றைக்கு வழியில் இருந்த புதர்களில் நாங்கள் ஒதுங்காத புதர் பாக்கியில்லை. உச்சி வெயிலில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பாதி மலையில் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் மத்தில்த் எங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். கூட்டமாகப் போகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வழி பிரிகிற இடத்தில் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். கடைசி ஆள் தாண்டிப் போகும்வரை அவர் நகரக் கூடாது. "நான் மேலே கணவாயில் வேனோடு காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பிரிவில் வாத்தியாரை நிறுத்தினோம். அவர் கையை நீட்டினார். தலைவர் போனார், நான் போனேன், கடைசியாகக் குழந்தைவேலு போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், வாத்தியார் கையை நீட்டியபடி அங்கேயே நிற்கிறார். திரும்பி வந்தோம்.

"ஏனுங்க வாத்தியாரே, வரலீங்களா?" என்றார் தலைவர்.

"கடைசி ஆள் இன்னும் வரலீங்களே."

"குழந்தைவேலுதானுங்க கடைசி. அவரு போயிட்டாரே."

"செரி. இப்ப நாங் கெளம்புனா யாருங்க கடைசி?"

தலைவர் விரல் விட்டு எண்ணினார். "நீங்கதானுங்க."

"அந்தக் கடைசி ஆள் இன்னும் இந்த எடத்தைத் தாண்டலீங்க. இங்கியேதான் நிக்கறாரு. அவரு தாண்டற வரைக்கும் நான் எப்படிங்க நகர்றது?"

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல எனக்குத் தோன்றியது. கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான் என்று பேசிக்கொண்டே அவரை அங்கேயே விட்டுவிட்டு மேலே போனோம்.

இரண்டாவது பிரிவில் குழந்தைவேலு நின்றார். மூன்றாவதில் நான் நின்றேன். இரண்டு மணி நேரம் நின்றேன். இடது கை மரத்துப்போனதும் வலது கையை நீட்டினேன். அது வேறு ரோட்டைக் காட்டியது. அப்போது என் கையை நம்பி வந்த ஒரு ஜெர்மன் தம்பதியை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

தலைவர் தனியாக மிதித்துக் கணவாய் வரை போய்விட்டார். பெயர்ப் பலகைக்குப் பத்தடி முன்னால் ஒரு மண்பாதை பிரிந்தது. நிறுத்த வேறு ஆள் இல்லாததால் அவரே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வாருங்கள், இன்னும் பத்தடிதானே" என்று மத்தில்த் வேனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்.

"முடியாதுங்க அம்மிணி. கடைசி ஆள் வரலை" என்று இவர் தமிழிலேயே சொல்லியிருக்கிறார்.

இருட்டுவதற்குள் அந்த அம்மிணி எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராக வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில் தலைவர் சாப்பிட உட்காரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். இருபது வருஷம் வளர்த்தது. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

கடைசி நாள் காலையில் ஹோட்டல் வாசலில் மத்தில்த் விதிமுறைத் தாளை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இன்றைக்கு ஒரு விதியும் கிடையாது. நானும் கூட வருகிறேன். மிதியுங்கள், அது போதும்" என்றார்.

அப்போது சைக்கிள் பந்தயக்காரர்கள் சிலர் எங்களைத் தாண்டிப் போனார்கள். எல்லோருடைய காலும் மழமழவென்று இருந்தது. ஏன் என்று தலைவர் விசாரித்தார். முடி காற்றைத் தடுக்கும், அதனால் மழித்துக்கொள்கிறார்கள், வேகம் கூடும் என்றார் மத்தில்த்.

அடுத்ததைச் சொன்னது நான்தான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

"தலைவரே, காத்து மொதல்ல மோதறது காலுலயாங்க, மூஞ்சியிலயாங்க?"

எல்லோரும் தலைவரின் மீசையைப் பார்த்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காற்று அதில் மோதிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா நம்மளை இழுத்துப் புடிச்சது இதுதானுங்களா?" என்றார் தலைவர் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "மீசையைக் காப்பாத்தோணும்னா என்ன வேணா பண்ணலாமுங்க" என்றார்.

ஹோட்டலில் சவரக்கத்தி வாங்கினோம். தலைவர் மீசையை மழித்தார். தலைவர் மட்டும் வேகமாகப் போய்விட்டால் நாங்கள் பின்தங்கிவிடுவோமே என்று மற்ற மூன்று பேரும் எங்கள் மீசைகளையும் எடுத்துக்கொண்டோம். வெளியே வந்தபோது மத்தில்த் யாரோ புது ஆட்கள் என்று நினைத்து எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் தொடர்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கணவாயைத் தாண்டிவிட்டோம். நாலரை மணி நேரம் ஆனது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. பலகையைத் தொட்டதும் தலைவர் அழுதுவிட்டார், நாங்களும் அழுதோம். நாலு பேரும் பலகைக்குக் கீழே நின்றோம், மத்தில்த் போட்டோ எடுத்தார். "தாண்டியாச்சுங்க" என்று எழுதி, தலைவர் அதைச் சம்பந்திக்கு அனுப்பினார்.

ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது. வாத்தியார் சத்தமாகப் படித்தார்.

"போட்டோ பார்த்தேனுங்க சம்பந்தி. தோத்தாலும் தாண்டியாச்சுன்னு ஒரு தமாசும் பண்ணிட்டு, சொன்ன சொல் மாறாம மீசையை எடுத்துட்டீங்க பாருங்க, அதுதானுங்க பெரிய மனுசனுக்கு அழகு. ஒண்ணு மட்டும் புரியலீங்க. பந்தயம் கட்டுனது நீங்க ஒருத்தர்தானே. கூட இருக்கற மூணு பேரும் எதுக்குங்க தோத்தாங்க?"

தலைவர் போனை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். வெறும் மேலுதட்டைத் தடவினார். பிறகு எங்கள் பக்கம் கோபமாகத் திரும்பினார்.

"நான் ஜெயிச்ச பந்தயத்துல போயி நீங்க மூணு பேரும் எதுக்குங்க தோத்தீங்க?"