அம்மன் கொடுத்த கோல்

"தாயே, ஒன்பது நாளா எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னு சொல்லுங்க."

கேட்டவர் காரைமலைப் பாளையத்தின் ராஜா ஓபுல நாயக்கர். எதிரே இருந்தவள் கோவில் நந்தவனத்தில் பூத்தொடுக்கும் சங்கரவடிவு. வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் அவர் குருவாக வரித்தது அவளைத்தான்.

நவராத்திரி முடியும்வரை அந்தப் பாளையத்தில் அம்மன்தான் ராஜா. செங்கோல் அவள் காலடியில் இருக்கும். விஜயதசமியன்று அர்ச்சகர் எடுத்துத் தருவார். தர்பாரில் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் நாயக்கருக்கு இன்னொரு வருஷம் ஆட்சி.

அன்று விஜயதசமி.

"என் தம்பி திம்மனை நான் நம்பலை. கைவிட்டுப் போன கோல் திரும்பி வராதுன்னு பயந்துட்டேன். மரத்துல ஒண்ணு செஞ்சு, மேல மெல்லிசாத் தங்கரேக்கு ஒட்டி, அதை அம்மன் காலடியில வச்சேன். நிஜக்கோல் என் கட்டிலுக்கு அடியில கிடக்கு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"தச்சனுக்கு. எனக்கு."

"அம்மனுக்கு?"

நாயக்கர் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மரக்கோலை வாங்கிக்குவேன். பல்லக்குல மாத்திருவேன். தர்பாருக்குப் பொன்கோல் போகும். யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன பயம்?"

"அதைத்தான் கேக்கிறேன்."

"தர்பாருக்குப் போற வழியில ரெண்டையும் இங்க கொண்டாங்க."

பல்லக்கு நந்தவனத்தில் இறங்கியது. நாயக்கர் பட்டுத்துணியை விரித்து இரண்டு கோலையும் வைத்தார். மரக்கோலில் குங்குமம் அப்பியிருந்தது, ஒரு அரளி இதழ் ஒட்டியிருந்தது. ஒன்பது நாளும் ஊரே அழுது வேண்டிக்கொண்டது அதன் முன்னால்தான்.

சங்கரவடிவு எழுந்தாள். பொன்கோலைத் தாண்டிப் போனாள்.



மரக்கோலின் முன்னே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். வெகுநேரம் எழவில்லை.

"அது எங்க பாட்டன் பிடிச்ச கோல், தாயே. அதைப் போய்த் தாண்டுறீங்களே."

"அது இன்னும் அம்மன்கிட்டப் போகலையே, ராஜா. அடுத்த நவராத்திரிக்குப் போகட்டும்."

பூத்தொடுக்கப் போய்விட்டாள்.

தர்பாரில் பாளையத்துத் தலைவர்கள் அத்தனை பேரும் இடுப்பில் வாளோடு நின்றார்கள். நாயக்கர் கையில் கோல் லேசாக இருந்தது. கைதான் கனத்தது.

முறைப்படி முதலில் தம்பி வந்தான். தொட்டான். ரேக்கு உரிந்து அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் மரம் தெரிந்தது.

திம்மன் நிமிர்ந்து பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்சி போய்விடும்.

நாயக்கர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தர்பாருக்கே கேட்கும்படி, தானே சொன்னார்.

"மரம்தான், தம்பி. உன்னையும் நம்பாம, அம்மனையும் நம்பாம, பொன்னை வீட்டுலயே வச்சுக்கிட்டேன். அவ கொடுத்தது இதுதான்."

 

திம்மன் விரலில் இருந்த ரேக்கைத் துடைக்கவில்லை.

நெற்றியில் இட்டுக்கொண்டான்.