சேறு பூசாமல் ஓடிய கொழுக்கட்டை

ஒரு காட்டில், ஓடுவதற்கென்றே பிறந்தவள் போல ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். அவள் பெயர் கொழுக்கட்டை. சிரிக்காதீர்கள், பிள்ளைகளே! பிறந்தபோது உருண்டையாக இருந்தாள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

சின்ன வயதில் அவள் எந்த ஓட்டத்திலும் ஜெயித்ததில்லை. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை ஓடச் சொன்னால், முயல் போய்ச் சேர்ந்து, நாலு புல்லையும் கடித்து முடித்த பிறகுதான் இவள் வருவாள். ஆனால் மற்றவர்கள் களைத்துப் படுத்த பிறகும் இவள் ஓடிக்கொண்டே இருப்பாள்.

"எங்கேடி போகிறாய்? ஓட்டம் முடிந்துவிட்டது!" என்று கத்துவார்கள்.

"இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கும்போது நெடுந்தூர ஓட்டம் ஒன்று நடக்கும். ஆற்றங்கரை மருதமரத்தில் கிளம்பி, முள்காட்டைத் தாண்டி, சேற்றுப் பள்ளத்தைக் கடந்து, மொட்டைப் பாறையைச் சுற்றி அதே வழியில் திரும்ப வேண்டும். மருதமரத்தில் பட்டை உரிந்த இடம் ஒன்று இருந்தது. அதை முதலில் மூக்கால் தொடுகிறவரின் கூட்டத்துக்கு அந்தக் கோடை முழுவதும் ஆற்று மடு சொந்தம். மற்றவர்கள் தூரத்துப் பாறைச் சுனைக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பன்றிகளுக்கு அந்த மடு உயிர். பன்றிக்கு வியர்க்காது, தெரியுமா? சேற்றில் புரண்டால்தான் உடம்பு குளிரும். சேற்றுப் பள்ளமோ கோடை முற்றினால் காய்ந்து வெடித்துவிடும்; மடுவின் கரையில் மட்டும்தான் சேறு காயாமல் இருக்கும். கொழுக்கட்டை ஓட வருவதற்கு முன்பெல்லாம் பன்றிக்குட்டிகள் வெயிலில் தோல் வெந்து, புரள இடமில்லாமல் அழுது தீர்க்கும். பாவம்! அவள் ஜெயிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

எப்படி ஜெயித்தாள் என்கிறீர்களா? சேற்றுப் பள்ளம் வந்ததும் மான் காலில் அழுக்குப் படக்கூடாது என்று சுற்றிக்கொண்டு போகும். இவளோ தொப்பென்று நடுவில் விழுந்து, ஒரு புரளல் புரண்டு, அந்தப் பக்கம் எழுந்து ஓடுவாள். தூரமும் குறைந்தது, உடம்பும் குளிர்ந்தது. வருடா வருடம் இதே கதைதான். காடு முழுக்க அவள் பேச்சாக இருந்தது.

ஒரு குளிர்காலத்தில் சிங்காரன் என்ற நரி அவளைத் தேடி வந்தான்.

"ஓட்டத்தின் ராணிக்கு வணக்கம்!" என்று தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

கொழுக்கட்டைக்கு ஒரே கூச்சம். "ராணியா? நானா?"

"வேறு யார்? ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது."

"சொல்லுங்கள் அண்ணா."

"இந்தச் சேறுதான்... ராணி உடம்பில் இது என்ன கோலம்? நீங்கள் ஜெயித்து வரும்போது கைதட்டுகிறவர்கள், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை."

கொழுக்கட்டைக்குச் சுருக்கென்றது. ஓடும்போது அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. பின்னால் இப்படியா நடந்தது?

"சேறு இல்லாமல் ஓடிப் பாருங்களேன்," என்றான் சிங்காரன்.

ஓடிப் பார்த்தாள். குளிர்காலம் அல்லவா? உடம்பு சூடாகவே இல்லை. "அட, சேறே தேவையில்லை போலிருக்கிறதே!" என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆற்றில் குளித்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பழகினாள்.

சிங்காரனுக்கு ஏன் இந்த அக்கறை? மடு பன்றிகளிடம் இருக்கும்வரை அவனால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கோரைப்பல்லால் ஒரே இடி! அதுவே மான்களிடம் போய்விட்டால்? தண்ணீர் குடிக்க வரும் மான்குட்டிகளைப் புதருக்குள் உட்கார்ந்தபடியே பிடித்துத் தின்னலாம். இது மான்களுக்காக ஓடும் புள்ளிமான் மாறனுக்குக்கூடத் தெரியாது.

கோடை வந்தது. ஓட்டத்தன்று காலையில் கொழுக்கட்டையின் தங்கை பணியாரம் தன் குட்டிகளோடு வந்து நின்றாள்.

"அக்கா! என்ன இப்படிப் பளபளவென்று நிற்கிறாய்? இன்றைக்கு வெயில் கொளுத்தப் போகிறது. கொஞ்சம் சேற்றில் புரண்டுவிட்டுப் போயேன்."

"உனக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் இரு."

"எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நீ தோற்றால் இந்தக் குட்டிகள் என்ன பாடுபடும் என்று மட்டும் தெரியும்," என்றாள் பணியாரம். கொழுக்கட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடுவர் கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே கையை உயர்த்தியது. ஓட்டம் தொடங்கியது.

மாறன் காற்றாய்ப் பறந்தான். கொழுக்கட்டை எப்போதும் போல நிதானமாகப் போனாள். பள்ளம் வந்தது. சுற்றிக்கொண்டு போனாள்! வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மொட்டைப் பாறையை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாய்க் காய்ந்தது. மாறனுக்கும் மூச்சு இரைத்தது, ஆனாலும் அவன் வெகுதூரம் முன்னால் இருந்தான். கொழுக்கட்டைக்கோ கண் இருட்டியது. எத்தனையோ வருடமாக ஓடியவளுக்கு முதல்முறையாகக் கால் ஓட மறுத்தது.

"ஐயோ, எனக்கு என்ன ஆயிற்று?" என்று அழுகை அழுகையாக வந்தது.

தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தாள். மறுபடியும் சேற்றுப் பள்ளம். கரையில் பெருங்கூட்டம். சிங்காரன் முன்னால் வந்து நின்றான்.

"சுற்றிப் போங்கள், ராணி! எல்லாரும் பார்க்கிறார்கள். சேற்றில் இறங்கினால் சிரிப்பார்கள்!"

கொழுக்கட்டை நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். பணியாரத்தின் குட்டிகள் வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தன.

"தோற்றுப் போனால் மட்டும் சிரிக்க மாட்டார்களா? நகரு!" என்றாள்.

தொப்!

அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல், மூக்கை உள்ளே விட்டு ஒரு முக்கு. கூட்டம் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. அவள் எழுந்து உடம்பைச் சிலிர்த்தாள் பாருங்கள், சிரித்த வாயிலெல்லாம் சேறு!

பிறகு ஓடினாள். பழைய கொழுக்கட்டையாக ஓடினாள். முள்காட்டின் நடுவில் மாறனின் வால் தெரிந்தது. முள்காட்டின் முடிவில் அவன் காது தெரிந்தது. மருதமரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி வந்து, புழுதி பறக்க மரத்தில் மோதினார்கள்.

"நான்தான் முதல்!" என்றான் மாறன்.

"நான்தான்!" என்றாள் கொழுக்கட்டை.

அதற்குள் கூட்டமும் ஓடி வந்து சேர்ந்தது. எல்லாரும் கரடியைப் பார்த்தார்கள். கரடி கண்ணைக் கசக்கியது. "புழுதியில் ஒன்றும் தெரியவில்லை," என்றது. உண்மையில் தூங்கிவிட்டது, நீங்கள் வெளியே சொல்லாதீர்கள்.

கூட்டத்தோடு ஓடி வந்த சிங்காரன், "இதில் என்ன சந்தேகம்? மான்தான் முதலில் தொட்டது. நான் கண்ணால் பார்த்தேன்!" என்று சத்தியம் செய்தான்.

கரடி மெதுவாக எழுந்து மரத்தருகே போனது. பட்டை உரிந்த இடத்தில் ஈரச்சேறு அப்பியிருந்தது. பிறகு மாறனின் முகத்தை உற்றுப் பார்த்தது.

"தம்பி மாறா, நீ சேற்றில் இறங்கினாயா?"

"சீச்சீ! நான் சுற்றிக்கொண்டுதான் வந்தேன்."

"வழியில் எங்காவது விழுந்தாயா?"

"நானா? விழுவேனா?"

"அப்படியானால் உன் மூக்கு நுனியில் சேறு எப்படி வந்தது?"

மாறன் மாறுகண் போட்டுத் தன் மூக்கைப் பார்த்தான். பாவம், சேறு இருக்கத்தான் செய்தது. கொழுக்கட்டை தொட்ட பிறகு தொட்டதால்தானே அது ஒட்டியிருக்கும்?

"மடு பன்றிகளுக்கே!" என்றது கரடி. பணியாரத்தின் குட்டிகள் கீச்சுக் கீச்சென்று கத்தியபடி ஆற்றை நோக்கி ஓடின.

சிங்காரனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "முட்டாள் மானே! நீ ஜெயித்திருந்தால் கோடை முழுக்க உன் குட்டிகளை உட்கார்ந்த இடத்திலேயே தின்றிருப்பேனே!" என்று கத்திவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

மாறன் ஒரே தாவலில் பன்றிகளின் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கொழுக்கட்டை நரியின் பக்கம் திரும்பினாள். சிங்காரன் எடுத்தான் ஓட்டம். அவளும் பின்னாலேயே கிளம்பினாள்.

"உன்னால் என்னைப் பிடிக்க முடியாது! நீ என்னைவிட மெதுவாகத்தான் ஓடுவாய்!" என்று நரி கத்தினான்.

"ஆமாம் அண்ணா, மெதுவாகத்தான் ஓடுவேன். ஆனால் நிற்க மாட்டேன்," என்றாள் கொழுக்கட்டை.

அந்தக் காட்டைத் தாண்டி, அடுத்த காட்டையும் தாண்டிப் போன சிங்காரன் அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை.

நீதி: நம்மை ஜெயிக்க வைத்த பழக்கத்தை, யார் முகம் சுளித்தாலும் விடக் கூடாது.