நரியின் வாடாத இலந்தைப் பழம்

குளக்கரை மருதமரத்தடியில் நரி ஒன்று கடை போட்டது. தேக்கிலையில் கட்டிய இலந்தைப் பழப் பொட்டலங்களை அடுக்கிவைத்து, "வாடாது! அழுகாது! ஆறு மாதம் அப்படியே இருக்கும்!" என்று கூவியது.

பழங்கள் பவளம்போல் பளபளத்தன. மழைக்காலம் நெருங்கிவிட்டதால், சேமித்துவைக்கக் காடே முண்டியடித்தது.

பூவாத்தா என்ற சருகுமானும் ஒரு பொட்டலம் வாங்கிப்போய்க் குட்டிகளுக்குக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குட்டிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. நாக்கோ செக்கச்செவேல்!

 பூவாத்தா குட்டிகளுக்குத் தண்ணீர் புகட்டிப் படுக்கவைத்தது. அவை தேறி எழுந்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது. தேக்கிலையைப் புரட்டிப் பார்த்தது. அடியோரத்தில் பொடிப்பொடியாய் ஏதோ எழுதியிருந்தது. கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இலையைக் கவ்விக்கொண்டு கடைக்கு ஓடியது.

"நரியாரே, இது என்ன எழுத்து?"

"அட, அது சும்மா பூவேலை!"

"அப்படியா?" என்ற பூவாத்தா, மரத்தடியில் ஊர்ந்த எறும்பைக் கூப்பிட்டது. "எறும்பாரே, கொஞ்சம் ஏறிப் பாருங்கள்!"

எறும்பு இலைமேல் ஏறி, நடந்து நடந்து உரக்கப் படித்தது. "இலந்தைப் பழம் ஒரு பங்கு! நிறத்துக்குச் செங்கல் தூள் இரண்டு பங்கு! புழு வராமலிருக்க எருக்கம்பால்!"

"ஐயோ, புழுவே தொடாததையா நாங்கள் தின்றோம்?" என்று பழம் வாங்கித் தின்றிருந்த முயல் அலறியது.

நரி நைசாக, "பக்கத்துக் கடைக் கரடியும்தான் பொட்டலத்தில் கண்டதைச் சேர்க்கிறது! அதைக் கேட்டீர்களா?" என்றது.

"கேட்டுவிடுவோமே!" என்றது பூவாத்தா.

கரடியின் பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: நெல்லிக்காய், உப்பு, தேன்.

"உப்பும் சேர்த்ததுதானே! தூக்கி எறியுங்கள்!" என்று முயல் குதித்தது.

"பொறு தம்பி!" என்றது பூவாத்தா. "உப்பு எதற்கென்று நமக்குத் தெரியும். கெடாமலிருக்க. எவ்வளவு போட்டாய், கரடியண்ணே?"

"நூறு நெல்லிக்கு ஒரு கைப்பிடி. அதிகம் போட்டால் நானே துப்பிவிடுவேன்!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பூவாத்தா ஒரு நெல்லியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. புளிப்பும் இனிப்புமாக நாக்கில் ஊறியது!

நரி மூட்டையைக் கட்டப் பார்த்தது. கூட்டத்தில் நின்ற காட்டுப்பன்றிகள் விடவில்லை. பழங்களில் பூசிய செங்கல் தூள் அத்தனையையும் அதன் கையாலேயே கழுவவைத்தன. குளக்கரையில் அன்று ஒரே கும்மாளம்!

பொட்டலத்தின் பளபளப்பில் மயங்காமல், உள்ளே என்ன, எதற்கு, எவ்வளவு என்று கேட்டு உண்பவரே நலமாக வாழ்வர்.