தட்டாமல் விட்ட இடம்

எங்களுக்கு ஒரு வாத்தியார் உண்டு. காவி கிடையாது, தாடி கிடையாது. வயது முப்பத்துநாலு, பெயர் எபனேசர். திருச்சி உறையூரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு முக்கொம்பு ரோட்டில் சைக்கிள் மிதிக்கிற எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் எல்லாம். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் மைதானத்துக்குக் கூட்டிப்போய், விழுவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுப்பார். நாற்பது வயதில் நான் அப்படி ஏழு தடவை விழுந்தேன். வீட்டில் போய்ச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அவருடைய இடது கை முழுசாக நீளாது. முழங்கையில் கொஞ்சம் மடங்கினபடியே நிற்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அமுதவல்லி அக்கா எங்களோடு வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. தில்லைநகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. புருஷன் சபாபதி போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். பிள்ளை குட்டி இல்லை. கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிளில்தான் வருவார். பதினெட்டுக் கிலோ இரும்பு அது. முதல் இரண்டு கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களோடு ஒட்டி வருவார். அப்புறம் நாங்கள் எங்கேயோ, அவர் எங்கேயோ.

ஒருநாள் டீ குடிக்கும்போது நான்தான் வாயைக் கொடுத்தேன். மெதுவாக வந்தால்தான் என்ன, காற்று வாங்கின மாதிரியும் ஆச்சு, எதற்கு இப்படி உயிரை விடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"மூச்சு முட்ட உங்களோட மிதிக்கிறப்ப ஒன்னும் ஞாபகம் வர்றதில்ல தம்பி. பின்தங்கித் தனியா ஆனதும் அவர் வந்துடுறாரு" என்றார்.

எல்லோரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே வாத்தியாரிடம் கேட்டார். ஒரு ரோடு பைக் வேண்டும். மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியுமாக எங்களிடம் இருப்பது மாதிரி. கையில் இருபத்தைந்தாயிரம் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இந்தக் காசுக்குள் எது நல்லது எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பார்ப்போம்க்கா" என்றார் வாத்தியார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

மூன்று வாரம் பார்த்தோம். அந்தக் காசுக்குப் புதுசு வாங்கினால் கைப்பிடி மட்டும் வளைந்த இரும்புதான் கிடைக்கும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்புறம் பழையது. ஸ்ரீரங்கத்தில் ஒன்று, அக்கா ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. கே.கே. நகரில் ஒன்று, சக்கரம் இரண்டும் நெளிந்துபோயிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வாத்தியார் தலையை மட்டும் ஆட்டுவார். அக்காவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

கடைச் சுவரோரம் ஒரு பழைய அலுமினிய ரோடு பைக் நின்றது. சாயம் போய், உடம்பெல்லாம் கீறல். வாத்தியாரே யாரிடமோ வாங்கிச் சரிபண்ணி வைத்தது. பன்னிரண்டாயிரத்துக்குத் தருகிறேன், மிச்சக் காசில் ஹெல்மெட்டும் பம்பும் லைட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தார். லேடீஸ் சைக்கிளைவிட இலேசு, எங்கள் சைக்கிள்களைவிடக் கனம். இதில் வந்தாலும் பின்தங்கத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டார். அது என்னவோ உண்மைதான்.

நாலாவது வாரம் மெரூன் வண்டி வந்தது. கார்பன் ஃப்ரேம், எட்டே கிலோ. துபாய்க்கு வேலைக்குப் போகிற ஒருத்தர் அவசரமாக விற்கிறார், இருபத்துநாலாயிரம். அதன் உண்மையான விலைக்கு இது கால்வாசி கூடக் கிடையாது. காலையிலேயே அக்கா போய்ப் பார்த்து, பிடித்துப்போய், சாயங்காலத்துக்குள் முடிவு சொல்கிறேன் என்று வண்டியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஐப்பசி மாத மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு அக்கா வண்டியை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எடுத்துக்குங்கக்கா, யோசிக்கவே யோசிக்காதீங்க என்று முதலில் சொன்னவன் நான். எனக்கு என்ன தெரியும்? பளபளப்பைப் பார்த்தேன், வாயைத் திறந்துவிட்டேன்.

வாத்தியார் வண்டியை ஸ்டாண்டில் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாணயத்தின் விளிம்பால் குழாய்களைத் தட்ட ஆரம்பித்தார். கார்பன் உள்ளே உடைந்திருந்தால் வெளியே தெரியாதாம், சத்தம்தான் மாறுமாம். மேல் குழாய், பின் குழாய், கடைசியாகக் கீழ்க் குழாய். டிக், டிக் என்று ஒரே மாதிரிதான் கேட்டது. கூரைத் தகரத்தில் மழை வேறு இரைந்துகொண்டிருந்தது.

பெடல் அச்சுக்கு ஒரு சாண் மேலே, கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் கை நின்றது. அதே இடத்தில் மறுபடி தட்டினார். மூன்றாம் தடவையும் தட்டினார். நாணயத்தை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்க தட்டுங்கக்கா."

அக்கா வாங்கிக்கொண்டார். மேல் குழாயை முனையிலிருந்து முனைவரை தட்டினார். பின் குழாயையும் அப்படியே. பார்லரில் நகத்துக்கு நகம் பார்த்து வேலை செய்கிற கை, ஒரு விரற்கடை விடாமல் தட்டியது. கீழ்க் குழாய்க்கு வந்தார். மேலிருந்து இறங்கி வந்தவர், ஓரிடத்தில் கையை எடுத்து நாலு விரல் தள்ளி வைத்துத் தட்டி முடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஒரு இடத்த விட்டுட்டீங்களேக்கா."

அக்கா நாணயத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"எப்பப் பாத்தீங்க?"

"காலையிலயே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். மெரூன் நிறம் மெரூன் நிறமாகத்தான் இருந்தது. அக்காதான் சொன்னார், குரலே எழும்பவில்லை. அந்த இடத்தில் பூசியிருப்பது பெயிண்ட் இல்லை, நெயில் பாலீஷ். தினம் இருபது பேருக்குப் போடுகிற அதே நிறம். பிரஷை எடுத்த இடத்தில் ஒரு சின்ன வால் நிற்கிறது, அவர் கண்ணுக்கு அது தப்புமா? பார்த்த உடனே தெரிந்துவிட்டதாம். தெரிந்ததும் மனசு அந்தப் பக்கமே போகவில்லையாம்.

வாத்தியார் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"அவரு பெல்ட்டுல ஒருநாள் புதுசா ஒரு ஓட்டை இருந்துச்சு" என்றார் அக்கா.

ஆணியால் குத்தின ஓட்டையாம். இடுப்பு இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு ஓட்டை. துவைக்கப் போடும்போது பேண்ட்டிலிருந்து பெல்ட்டை உருவுகிறவர் இவர்தான், பார்க்காமல் இருப்பாரா? அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், சேர்ந்துதான் டிவி பார்த்தார்கள். நாலு மாதம் கழித்து, நாலாவது ஓட்டைக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும்போது முற்றிப்போயிருந்தது.

"சொன்னா அது நெசமாயிடுமோன்னு இருந்துச்சு" என்றார். "வாயில வந்துடக் கூடாதுன்னே பேச்ச மாத்துவேன்."

ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று வாயெடுத்தேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நெயில் பாலீஷ் எடுக்கிற மருந்து பையில இருக்குங்களாக்கா?"

இருந்தது. பஞ்சும் இருந்தது. அக்கா பஞ்சை நனைத்தார். குழாய்க்குக் கீழே குந்தி உட்கார்ந்தார். முதல் தடவை தொடவே மாட்டாமல் கையை எடுத்துவிட்டார். அப்புறம் மெதுவாகத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தார். அதுவும் சிவந்தது. மூன்றாவது பஞ்சுக்குக் கீழே, அரை விரல் நீளத்துக்கு, முடி ஒட்டின மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதை முடியென்று நினைத்து நகத்தால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

"இதுல வேகமா போனா?" என்று கேட்டேன்.

ஒருநாள் ரெண்டாகும் என்றார் வாத்தியார். எப்போது என்று தெரியாது. இறக்கத்தில் ஆகலாம், லாரிக்கு முன்னால் ஆகலாம்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒன்றரை வருஷமாக அதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"மொதல் ஓட்டையிலயே நான் கேட்டிருந்தா, பொழச்சிருப்பாரா வாத்தியாரே?"

"தெரியாதுக்கா."

கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். பொழச்சிருக்க மாட்டாருக்கா, விதிக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாத்தியார் சொல்லவில்லை. மடங்கின கையோடு அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்த விரிசல் இப்ப நீங்க தொடச்சதால வந்துச்சா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினார். ஆட்டும்போதே அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதார். மழைக்கு ஒதுங்கினவர் ஒருத்தர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நான் போய் மறைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்.

"நான் விட்டுட்டுத் தட்டினது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது? நீங்க கையப் பாக்கவே இல்லையே."

வாத்தியார் இடது கையை நீட்டப் பார்த்தார். அது எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான் நீண்டது.

"நானும் ஒரு தடவை அப்படித்தாங்க்கா தட்டினேன். ரொம்பப் பிடிச்ச வண்டி."

விற்கிறவர் ஆறு மணிக்கு வந்தார். கோட்டைக் காட்டினோம். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். பொய் சொல்கிறாரா இல்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதை இனி யாருக்கும் விற்காதீர்கள் என்று அக்காவே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் வண்டியை மழையில் உருட்டிக்கொண்டு போனார். மறுபடி பூசி வேறு ஊரில் விற்றாலும் விற்பார். நாங்கள் என்ன பண்ண முடியும்?

கடையில் அந்தச் சாயம் போன வண்டிதான் மிச்சம். வாத்தியார் அதைச் சுவரோரத்திலிருந்து எடுத்து நடுவில் நிறுத்தினார். யாரும் சொல்லாமல் அக்கா நாணயத்தால் அதைத் தட்டினார். அலுமினியத்துக்கு இது தேவையில்லை என்று நான் சொல்ல வந்தேன், வாத்தியார் தட்டட்டும் என்று ஜாடை காட்டினார். இந்தத் தடவை ஓரிடம் விடவில்லை. ஒவ்வொரு கீறலின் மேலும் தட்டினார்.

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"இதுல வந்தா பின்தங்கத்தானே செய்வேன்?"

"ஆமாங்க்கா."

"பின்தங்கினா அவரு வந்துடுவாரு, வாத்தியாரே."

வாத்தியார் சீட்டைத் தளர்த்தி, அக்காவின் இடுப்புயரத்துக்கு இறக்கி, மறுபடி இறுக்கினார்.

"வரட்டும்க்கா" என்றார்.