தின்னாத வண்டி

கொழுஞ்சிப்பட்டி என்று ஓர் ஊர். கடவுள் மூளையைப் பங்கிட்ட நாளில் அந்த ஊரிலிருந்து ஒருவரும் போய் வரிசையில் நிற்கவில்லை. அங்கே கபடிக் குழுவுக்குத் தலைவர் தாண்டவராயன். வேறு ஊராக இருந்தால் அவரை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்க மாட்டார்கள்.

வட்டாரக் கபடிப் போட்டி அவ்வூர் மைதானத்தில் நடப்பதாக ஏற்பாடு. மைதானமோ பெரிசு, புல்லோ இடுப்பளவு. பார்க்க வந்த கபடிக் கழகச் செயலாளர் முகத்தைச் சுளித்தார். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று வாங்குங்கள், கட்டுப்படியாகிறதாக, நம்பகமானதாகப் பாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் மைதானம் தயாராகாவிட்டால் போட்டி மேலக்காட்டுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மேலக்காடு தாண்டவராயனின் மாமனார் ஊர். மச்சான் வீரணன் சும்மாவே பந்தியில் வைத்து அவரைக் கேலி பண்ணுகிறவன். போட்டியும் அங்கே போனால் அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

குழுவில் ஆடுகிற ஒச்சப்பனையும் சீனிமுத்துவையும் கூட்டிக்கொண்டு டவுன் கடைக்குப் போனார். கொழுஞ்சிப்பட்டியில் எதை வாங்கினாலும் மாடு பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒச்சப்பன் ஒவ்வொரு வண்டியிலும் சுழி தேடினான். சீனிமுத்து கீழே குனிந்து பல்லைப் பிடித்துப் பார்த்து விரலைக் கிழித்துக்கொண்டான். தாண்டவராயன் தோள் துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு விலை பேசலாம் என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். கடைக்காரர் பயந்து பின்வாங்கினார்.

பிறகு கடைக்காரரே ஒரு வண்டியில் ஏறி, கடைக்குப் பின்னால் இருந்த புல்தரையில் ஓட்டிக் காட்டினார். ஒரே சுற்றில் பாதிப் புல் காலி. மூவரும் பேயறைந்தது போல நின்றார்கள்.

“அண்ணே, இது தின்னே நம்மள அழிச்சிரும்” என்றான் ஒச்சப்பன்.

அடுத்த வண்டி கொஞ்சம் மெதுவாக வெட்டியது. அதையும் பெருந்தீனிக்காரன் என்று தள்ளினார்கள். மூலையில் என்ஜின் போன பழைய வண்டி ஒன்று கிடந்தது. அதைப் புல்லில் தள்ளி விட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. அந்தண்டை இந்தண்டை போகவும் இல்லை.

தாண்டவராயன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “தீனிச் செலவு கெடையாது, விட்ட எடத்துல நிக்குது. இதவிட நம்பகமானது எங்கடா கெடைக்கும்?”

கடைக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தார். மனசாட்சி உறுத்தியதால் ஓடாது என்று பலமுறை சொன்னார். அதைத்தானே தேடி வந்தோம் என்று இவர்கள் பூரித்துப்போய், கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்தார்கள்.

மைதானத்தில் வண்டி அசையவில்லை. கூடிப் பேசினார்கள். புது இடம், கூச்சப்படுகிறது, கையால் ஊட்டினால் பழகிவிடும் என்று முடிவாயிற்று. ஊரே அரிவாளோடு இறங்கியது. அறுத்து அறுத்து வண்டியின் முன் கட்டுக்கட்டாகப் போட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மைதானம் உள்ளங்கை மாதிரி இருந்தது.

அத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் போட்டி அவர்களுக்குத்தான். ஆனால் படுக்க விடுமா அந்தப் புத்தி? வாடின புல்லை வண்டி தொடாது, பச்சையாகக் கேட்கிறது என்றான் சீனிமுத்து. நாளைக்குப் பசித்தால் மைதானத்தில் ஒரு புல்கூட இல்லையே என்று தாண்டவராயனுக்குப் பெற்ற மனசு போலப் பதறியது. புல் முளைக்கட்டும் என்று மோட்டாரைப் போட்டு மைதானம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார்.

காலையில் வந்த செயலாளர் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். காலை உருவிக்கொண்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, மேலக்காட்டுக்குப் போனார்.

தாண்டவராயனின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இனி என் தம்பி முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று கேட்டாள்.

அவர் வண்டிக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஒந்தம்பிய நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. அவுக மைதானம் பூராம் வெறுந்தரை. நாளைக்கு ஒரு வண்டி வாங்குனா, அதப் பட்டினி போட்டுல்ல கொல்லணும்.”