சுழியன் முதுகில் எறும்பு

ஆற்றங்கரை மருத மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தீனிகூட இரண்டாம்பட்சம்தான். பேன் பார்ப்பதுதான் முதல் வேலை!

காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் நலம் விசாரிக்க மாட்டார்கள். "திரும்பு, பேன் பார்க்கிறேன்!" என்பார்கள். சண்டை போட்டவர்கள் பேன் பார்த்துச் சமாதானம் ஆவார்கள். பெண் கேட்டுப் போகிறவன் முதலில் பெண்ணின் அப்பாவுக்குப் பேன் பார்க்க வேண்டும். தலையில் பேனே இல்லாவிட்டாலும் விடமாட்டார்கள். இல்லாத பேனை எடுத்து வாயில் போட்டு, "அடடா, என்ன ருசி!" என்று சப்புக்கொட்டுவார்கள். அதுதான் அங்கே மரியாதை.

அந்த மரத்தில் மரிக்கொழுந்து என்று ஒரு மந்தி இருந்தாள். பேன் பார்ப்பதில் அவளை அடிக்க ஆளே இல்லை. பஞ்சு மாதிரி விரல்கள். அவள் கை பட்டால் முரட்டுக் கடுவன் குரங்குகள்கூடச் சொக்கிப்போய்க் கிளையிலிருந்து பொத்தென்று விழுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். தொட்டால் அலறினான்!

பிள்ளையின் பெயர் சுழியன். உச்சந்தலையில் இரட்டைச் சுழி. ஒற்றைக் கையால் கிளையில் தொங்கிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுவான். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும், அவனுக்குச் சுற்றாது. அத்திப்பழம் தின்றால் ஒரே கிளையில் உட்கார்ந்துதான் தின்பான். அந்தக் கிளையில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்று காடே காதைப் பொத்திக்கொள்ளும். விடிந்ததும் அப்பா சோணையிடம் ஓடி வருவான்.

"அப்பா, இன்னைக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"நேத்து ஓடுன பக்கம்தான்டா தங்கம்."

"சரி. இன்னைக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"நேத்து ஓடுன பக்கம்தான்டா தங்கம்!"

மத்தியானம் வரை இது நடக்கும். சோணை சலிக்கவே மாட்டான். அவனுக்கும் வேறு வேலை இல்லை.

இதையெல்லாம் மரிக்கொழுந்து பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஆசையாகப் பிள்ளையின் முதுகில் விரலை வைப்பாள். "எறும்பு! எறும்பு!" என்று கத்திக்கொண்டு சுழியன் மூன்று கிளை தாண்டிப் போய்விடுவான். அவளும் பாவம், அவன் உட்கார்ந்த இடத்தில் எறும்பைத் தேடுவாள். ஒன்றும் இருக்காது. ஊருக்கெல்லாம் பேன் பார்த்த கை, பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் தவித்தது.

சோணையின் அக்கா சொர்ணம் வாயை மூடிக்கொண்டிருப்பவள் அல்ல.

"ஏ புள்ள, நீ குடுக்கிற செல்லம்தான் இதுக்கெல்லாம் காரணம்! ஒரு நாள் என்கிட்ட விடு. ஆளையே மாத்திக் காட்டுறேன்."

"வேணாம் மதினி. அவன் ஒரு மாதிரி."

"என்ன ஒரு மாதிரி? நான் வளர்க்காத பிள்ளையா!"

காலையில் அழைத்துப் போனாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தாள். காதில் பல் தடம். மயிர் எல்லாம் சிலிர்த்து நின்றது.

"இந்தா, உன் பிள்ளையை நீயே வச்சுக்கோ! அதுசரி, ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு யாராவது அவனுக்கு ஒரு தடவை ஒழுங்காச் சொல்லித் தொலைங்க!"

இப்படியே நாள் ஓடியிருக்கும். ஆனால் மழைக்காலம் நெருங்கியது. அதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒரு சடங்கு உண்டு. வரிசைப் பேன்! எல்லாரும் நீண்ட கிளையில் வரிசையாக உட்கார வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்குப் பேன் பார்க்க வேண்டும். சொந்த அம்மா அப்பா பார்த்தால் செல்லாது. வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் மழைக்காலம் முழுக்க மருத மரத்தில் இடம். மற்றவர்கள் அக்கரைப் புளிய மரத்துக்குப் போக வேண்டும். அங்கே சிறுத்தை சர்வ சாதாரணமாக ஏறி வரும்.

பால் குடிக்கிற குட்டிகளுக்கு விலக்கு உண்டு. சுழியன் பால் மறந்துவிட்டான். அதனால் இந்த வருஷம் அவனும் உட்கார்ந்தாக வேண்டும்.

மரிக்கொழுந்து ஓட்டமாக ஓடிக் கரடி வைத்தியரிடம் போய் நின்றாள். வைத்தியர் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார்.

"தேன்!" என்றார் கரடி. "பிள்ளை உடம்பு முழுக்கத் தேனைப் பூசு. நாக்கு நக்கிக்கிட்டு இருக்கும்போது முதுகு சும்மா இருக்கும். நீ பாட்டுக்குப் பேன் பாரு!"

"கேக்குமா வைத்தியரே?"

"எனக்குக் கேக்குதே!" என்று சொல்லி, மருந்தில் பாதியை அவரே நக்கிவிட்டார்.

மீதித் தேனை வாங்கி வந்து மரிக்கொழுந்து மகனுக்குப் பூசினாள். சுழியன் நக்கினான். சிரிக்கக்கூடச் சிரித்தான். "ஏங்க, இங்க பாருங்க! கேக்குது!" என்று அவள் துள்ளினாள். அதற்குள் மரத்தில் இருந்த கட்டெறும்பு எல்லாம் விருந்துக்குக் கிளம்பி வந்துவிட்டது.

"எறும்பு! எறும்பு!"

இந்த முறை நிஜ எறும்பு! சுழியன் ஆற்றில் குதித்தான். எதிர்நீச்சல் போட்டான். கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டான்.

மரிக்கொழுந்து அழுதுகொண்டே கரையெல்லாம் தேடினாள். கடைசியில் ஒரு வளைவில், இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே இருந்த சந்தில் பிள்ளை தெரிந்தான். இம்மி இடமில்லாமல் செருகிக்கொண்டு இருந்தான்.

"ஐயோ, மாட்டிக்கிட்டானே!" என்று கத்தி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காதம்மா! நான் மாட்டல. நான்தான் உள்ள வந்தேன்."

கிட்டப் போய்ப் பார்த்தாள். சுழியன் கண்ணை மூடி, தேன் குடித்த வண்டு மாதிரி உம்மென்று முனகிக்கொண்டிருந்தான். அவ்வளவு நிம்மதியான முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"வலிக்கலையா கண்ணு?"

"இல்ல. பாறை நல்லா அமுக்குது. ஊர மாட்டேங்குது."

"அம்மா கை?"

"ஊருது. எறும்பு மாதிரி ஊருது. எப்ப வரும்னும் தெரியல."

மரிக்கொழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து இதைத்தானே கத்திக்கொண்டிருந்தான்! அவள் மரத்தில் எறும்பைத் தேடினாளே தவிர, தன் பஞ்சு விரலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"சுழியா, நான் இப்ப ரெண்டு கையையும் உன் முதுகுல வைக்கப்போறேன். ஊராது. அமுக்கும். வைக்கட்டுமா?"

சுழியன் பாறைச் சந்திலிருந்து வெளியே வந்து முதுகைத் திருப்பினான். அவள் உள்ளங்கையைப் பதித்துப் பலமாக அமுக்கினாள். பிள்ளை ஓடவில்லை. அவள் கைக்குக் கீழே அவன் மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. அந்தச் சூட்டை அவள் எத்தனை நாளாகத் தேடினாள்!

வரிசைப் பேன் நாள் வந்தது. நீண்ட கிளை நிறையக் குரங்குகள். சுழியனுக்குப் பின்னால் யார் வந்து உட்கார்ந்தாள் தெரியுமா? சொர்ணம்!

"மதினி, தொடுறதுக்கு முன்னால சொல்லிடுங்க. அப்புறம் கையை நகத்தாம நல்லா அமுக்குங்க" என்று மரிக்கொழுந்து கெஞ்சினாள்.

"நான் பேன் பார்க்க வந்தேனா, களிமண் மிதிக்க வந்தேனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சொர்ணம், சொல்லாமல் கொள்ளாமல் அவன் பிடரியில் விரலை ஓட்டினாள்.

"எறும்பு!"

சுழியன் எகிறினான். எகிறியவன் நேராகக் கூட்டத்தின் தலைவர் தலையில் போய் இறங்கினான்! தலைவர் பக்கத்தில் இருந்தவனைப் பிடித்தார். அவன் அடுத்தவளைப் பிடித்தான். கிளையில் இருந்த பாதிப் பேர் பொலபொலவென்று கீழே உதிர்ந்தார்கள். ஆமைகள் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி வேடிக்கை பார்த்தன.

தலைவர் சேற்றைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். "போதும்! கை படக் கூடாதுங்கிறவன் நம்ம ஆளு கிடையாது. புளிய மரத்துக்கு அனுப்புங்க!"

சோணை எழுந்து மகன் பக்கத்தில் போய் நின்றான். மரிக்கொழுந்து வாயைத் திறந்தாள்.

"தலைவரே, ஒண்ணு கேக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க வாலுக்கு அடியில யாராவது பேன் பார்ப்பாங்களா?"

தலைவரின் வாலடியை யார் தொட்டாலும் கடித்துவிடுவார். அங்கே தொட்ட தைரியசாலிகள் இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

"அ... அது வேற விஷயம். அங்க தொட்டா எனக்கு உடம்பெல்லாம் கூசும்" என்றார் தலைவர்.

"சொர்ணம் மதினிக்குக் காதுக்குப் பின்னால ஆகாது. என் வீட்டுக்காரருக்கு உள்ளங்கால். எல்லாருக்கும் எங்கயாவது ஓரிடம் ஆகாது. அந்த இடத்தை விட்டுட்டு மத்த இடத்துல பார்க்கிறோம். நம்ம ஆளு இல்லைன்னு யாரும் யாரையும் தள்ளி வைக்கல. என் பிள்ளைக்கு உடம்பு முழுக்க வாலடி, தலைவரே! அவ்வளவுதான்!"

முதலில் ஒரு குட்டி களுக்கென்று சிரித்தது. அடுத்து அதன் அம்மா சிரித்தாள். பிறகு கிளையே குலுங்கியது. தலைவரும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்?

"சரி, சரி! இவனை எப்படித்தான் தொடணும்? நீயே சொல்லு."

"அவன்கிட்டயே கேளுங்க."

தலைவர் குனிந்தார். "ஏன்டா, எப்படி?"

சுழியன் தலைவரைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சொல்லிட்டு. பலமா. கை நகரக் கூடாது."

"இந்தா, அமுக்கப்போறேன்!" தலைவர் போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டது. இரண்டு முரட்டுக் கைகளும் அவன் முதுகில் பதிந்தன.

"இன்னும்" என்றான் சுழியன்.

"இன்னுமா?"

"இன்னும்!"

தலைவருக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்தது. "டேய், எனக்கு வயசாச்சுடா!" என்று அவர் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுழியன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உம்மென்று முனகினான். மருத மரத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. தடித்த இரண்டு கிளைகளுக்கு நடுவே, இடுக்கமான இடம். மற்ற எல்லாரும் வேண்டாம் என்று சொன்ன இடம்தான்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. குரங்குகள் எல்லாம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தன. மரிக்கொழுந்தும் சோணையும் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு இறுக்கிக்கொள்ள, நடுவில் சுழியன் வசதியாக இருந்தான். சொர்ணம் மெல்ல நகர்ந்து வந்தாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுத்தான் வரேன்டா. அத்தை அமுக்கட்டுமா?"

"வேணாம்" என்றான் சுழியன்.

மரிக்கொழுந்துக்குத் திக்கென்றது. மதினி இப்போது என்ன கூச்சல் போடப்போகிறாளோ! ஆனால் சொர்ணம், "சரிடா" என்று மட்டும் சொன்னாள். பக்கத்திலேயே, தொடாமல், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கை சும்மா இருந்ததை அந்த மரம் அன்றுதான் பார்த்தது.

சுழியன் மழையைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். பிறகு தன் வாலைத் தூக்கி அத்தையின் மடியில் வைத்தான்.

"இது மட்டும்" என்றான்.

மழை விடும்வரை சொர்ணம் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து வழிந்ததை மரிக்கொழுந்து பார்த்தாள். அதை மழைத்தண்ணீர் என்று எடுத்துக்கொண்டவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளையிடம் அன்பு காட்ட நினைக்கிறவர்கள், அதை எப்படிக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு இதமாக இருக்கும் என்று முதலில் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.