இரண்டு குழாய், ஒரு நட்சத்திரம்

களக்காட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் தோறும் வானம் பார்க்கிற கூட்டம் ஒன்று கூடும். அதற்குக் குரு குழல்வாய்மொழி டீச்சர். அதே பள்ளியில் இயற்பியல் எடுப்பவர், வயது நாற்பத்தொன்று. மூத்த சிஷ்யர் ஆவுடையப்பன். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். வயது இடித்ததாக இரண்டு பேரும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை ஆவுடையப்பன் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து நின்றார்.

"டீச்சர், பெரிய பைனாகுலரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். விலை கையக் கடிக்கக் கூடாது. எத வாங்கட்டும்?"

"எதப் பாக்கதுக்கு அண்ணாச்சி?"

"நட்சத்திரந்தான்."

"நட்சத்திரம்னா அதே விலைக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியே வாங்கலாமே."

"அதுல எல்லாம் தலைகீழால்லா தெரியும்?"

"நட்சத்திரம் தலைகீழா தெரிஞ்சா என்ன?"

ஆவுடையப்பன் வேட்டி நுனியை இழுத்துச் சரி செய்தார். "பகல்லயும் தூரத்துல உள்ளது தெரிஞ்சா நல்லது."

"எவ்வளவு தூரத்துல?"

"ஒரு குளத்துத் தூரம்."

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி அது.

பெரியகுளத்துக்கு இக்கரையில் ஆவுடையப்பன் வீடு. அக்கரையில் அவர் மகன் நயினார் புது வீடு கட்டியிருந்தான். அந்த இடம் வேண்டாம், சுவரில் ஈரம் ஏறும் என்று ஆவுடையப்பன் சொன்னார். மகன் கேட்கவில்லை. அவரும் கட்டி முடியும் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றி வேலை பார்த்தது பெண்ணைப் பெற்ற சம்பந்திதான். பால்காய்ப்புப் பத்திரிகை அடித்து வந்தது. அதில் சம்பந்தி பெயர் முதலில் இருந்தது, ஆவுடையப்பன் பெயர் அதற்குக் கீழே.

பெற்றவன் பெயர் இரண்டாவதா என்றார் இவர். நின்று பார்த்தவர் பெயர் முதலில் வரட்டும் என்றான் அவன். பால்காய்ப்புக்கு இவர் போகவில்லை. அதற்கப்புறம் நயினாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் போகவில்லை. அவன் வந்து கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார், அவர் வந்து பார்க்கட்டும் என்று அவன் இருந்தான். பேத்திக்கு இப்போது ஏழு மாதம். தாத்தா இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் ஊரில் உள்ள வரப்புச் சண்டை, வேலிச் சண்டை அத்தனையையும் பேசித் தீர்த்து வைத்த மனிதர் இவர். எந்தச் சண்டையிலும் முதலில் தப்பு யார் மேல் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். அப்படியே பழகிப்போன புத்தி.

டீச்சர் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்தார். மூன்று பைனாகுலர்கள் இருந்தன. ஆவுடையப்பன் பார்த்த மாத்திரத்தில் பெரியதைத் தூக்கினார். இருபத்தைந்து மடங்கு பெருக்குவது. முன்கண்ணாடி சோற்றுத் தட்டின் பாதி அகலம் இருந்தது.

"அந்தா இருக்கற செல்போன் டவரப் பாருங்க," என்றார் டீச்சர்.

அவர் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது.

"டவர் ஏன் டீச்சர் இந்த ஆட்டம் ஆடுது?"

"டவர் ஆடல அண்ணாச்சி."

"அப்ப என் கையா? எனக்கு ஒண்ணும் நடுக்கம் கிடையாதே."

"எல்லார் கையும் நடுங்கத்தான் செய்யும், நமக்குத் தெரியாது. இது டவர இருபத்தஞ்சு மடங்கு பெருசாக்குனா நடுக்கத்தையும் அதே அளவு பெருசாக்கும். நல்ல ஸ்டாண்டு இல்லாம இதால பிரயோஜனம் இல்ல. அந்த ஸ்டாண்டு விலைக்கு இன்னொரு பைனாகுலர் வாங்கலாம்."

அவர் அதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். பத்து மடங்கு. டவர் அசையாமல் நின்றது. ஆனால் அவருக்கு மனம் நிறையவில்லை.

"இதுல ஆள் தெரியுமா?"

"எங்க?"

"ஒரு குளத்துத் தூரத்துல."

"ஆள் நிக்கது தெரியும். யாருன்னு தெரியாது."

"நடுவுல இருக்கறதுல?"

நடுவில் இருந்தது பதினைந்து மடங்கு, எழுபது மில்லிமீட்டர் முன்கண்ணாடி. டீச்சர் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தைக் காட்டினார். அதில் மிளகளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம் தெரிந்தது.

"கண்ணுக்கு வார வெளிச்சம் இவ்வளவுதான். இந்த வட்டம் கண்மணிக்குள்ள அடங்கணும். நம்ம வயசுல கண்மணி சின்னப் பிள்ளைகளுக்கு விரிஞ்ச மாதிரி விரியாது. வட்டம் பெருசா இருந்தா மிச்சம் வெளிய கொட்டிப்போகும். உங்களுக்கு இது சரியா இருக்கும். இருட்டுனதும் மாடிச் சுவத்துல முழங்கைய ஊணிக்கிட்டு கார்த்திகைக் கூட்டத்தப் பாருங்க, விட்டு வர மனசு வராது. ரொம்ப நேரம் பாக்கணும்னா சாதாரண ஸ்டாண்டு ஒண்ணு போதும்."

"முகம் தெரியுமா?"

"நடைய வச்சு ஆள் யாருன்னு சொல்லலாம். முகம் தெரியாது."

ஆவுடையப்பன் யோசித்தார். "போதும்," என்றார்.

"விலை குறைஞ்சதா வாங்குனா, வந்தவுடனே இங்க கொண்டாங்க. அதுல ஒண்ணு பாக்கணும். பாத்துத் தாரேன்."

சரி என்று தலையாட்டினார். ஆனால் தபாலில் வரவழைத்த பைனாகுலர் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். வந்த பொருளை யாரிடமாவது காட்டிவிட்டுப் பார்க்கிற பொறுமை அவருக்கு அன்றைக்கு இல்லை.

முதலில் சோதனைக்காக முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்த மனைவி உலகம்மாளைப் பார்த்தார். அவள் சேலை பச்சையாக ஒரு மங்கலாகத்தான் தெரிந்தது. திருகித் திருகிப் பார்த்தும் அவ்வளவு கிட்டத்தில் இருந்த அவள் தெளியவில்லை. அப்புறம் அக்கரைக்குத் திருப்பினார்.

வெள்ளை வீடு துல்லியமாக வந்து நின்றது. கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்தன. மருமகள் இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்து, ஏதோ காகத்தைக் காட்டினாள். பிள்ளையின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கையில் ஒரு தலைக்கு மேல் இன்னொரு தலை தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். ஒன்றானது. மறுபடி இரண்டானது. கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி பிடித்துக்கொண்டது.

அவருக்கு அழுகை வந்தது. தலைவலி என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார்.

மறுநாளும் ஏறினார், மறுநாளும் வலித்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் தைல வாசனைதான்.

"அந்தக் கரைக்கு டவுன்பஸ்ஸே போகுது," என்றாள் உலகம்மாள். அவள் வெள்ளிக்கிழமை தோறும் அந்த பஸ்ஸில் போய் வருகிறவள். "அதுல உக்காந்து போனா தலையும் வலிக்காது."

"அவன் வந்து ஒரு வார்த்த கூப்பிடட்டும். நான் போறேன்."

"அவனும் இதையேதான் சொல்லுதான். யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்ததோ."

அடுத்த சனிக்கிழமை ஆவுடையப்பன் பைனாகுலரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடி ஏறினார். பொழுது அப்போதுதான் அடைந்திருந்தது. கிழக்கே சித்திரை நட்சத்திரம் தனியாக ஏறி நின்றது.

"டீச்சர், எனக்குக் கண்ணுல என்னமோ கோளாறு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. தலவலி வேற."

டீச்சர் அதை வாங்கி ஸ்டாண்டில் மாட்டி, சித்திரைக்குத் திருப்பினார். வலது குழாயை மூடியால் மூடினார்.

"என்ன தெரியுது?"

"ஒரு நட்சத்திரம்."

"தெளிவா இருக்கா?"

"ஊசி முனை மாதிரி இருக்கு."

இடதை மூடி வலதைத் திறந்தார்.

"இப்ப?"

"இதுவும் அப்படித்தான். ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"ரெண்டையும் திறக்கேன். முதல்ல கண்ண எடுத்துத் தூரத்துல அந்த மலையப் பாருங்க. அப்புறம் சட்டுனு இதுல பாருங்க."

அவர் மலையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ரெண்டு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "இப்ப ஒண்ணாயிட்டு," என்றார்.

"ஒண்ணாகல அண்ணாச்சி. உங்க கண்ணு ரெண்டையும் இழுத்துப் பிடிச்சு ஒண்ணாக்குது. அந்த இழுப்புதான் தலவலி. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு குழாயும் ஒரே இடத்தப் பாக்கல. விலை குறைஞ்சதுல இது சகஜம். வர்ற வழியில ஒரு தட்டு தட்டுனாலே இப்படி ஆயிரும். அதான் கொண்டாங்கன்னேன்."

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "சரி பண்ணலாமா?"

"ரொம்பச் சின்ன வேலைதான்." டீச்சர் ரப்பர் உறையின் ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினார். உள்ளே எறும்புத் தலை அளவில் ஒரு திருகு இருந்தது. மறுபக்கக் குழாயிலும் அதே மாதிரி ஒன்று. ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உள்ள இருக்கற கண்ணாடிப் பட்டகம் இதுல அசையும். மயிரிழை திருப்புனாப் போதும்."

ஆவுடையப்பன் திருப்புளியை வாங்கினார். ஆனால் திருப்பவில்லை.

"எந்தக் குழாய் டீச்சர் கோணல்?"

"ரெண்டும் நல்லா தெரியுதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"ரெண்டும் நேரா இருந்தா எப்படி ரெண்டா தெரியும்? ஒண்ணு விலகித்தான் இருக்கணும்."

"இது அதுல இருந்து விலகியிருக்கு. அது இதுல இருந்து விலகியிருக்கு."

"அப்படிச் சொன்னா எப்படி? முதல்ல விலகுனது எது? தப்பு எந்தப் பக்கம்னு தெரியாம திருகத் தொட்டா, நேரா இருக்கறதப் போயில்லா கோணலாக்கிருவேன்?" ஆவுடையப்பனின் குரல் சற்று உயர்ந்துவிட்டது. "நேரா இருக்கவன் எதுக்கு டீச்சர் வளையணும்?"

மாடியில் வேறு யாரும் இன்னும் வரவில்லை. மேற்கே பெரியகுளத்துத் தண்ணீரில் கடைசி வெளிச்சம் கிடந்தது. அக்கரையில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவசரப்படவில்லை. ஆவுடையப்பன் கேட்டது அவர் காதிலேயே விழட்டும் என்று இருந்தாரோ என்னவோ.

ஆவுடையப்பன் அக்கரை விளக்குகளிலிருந்து கண்ணை எடுத்து, தணிந்த குரலில் கேட்டார்.

"எந்தத் திருக திருப்பட்டும்?"

"எது உங்க கைக்கு எட்டுதோ, அதத் திருப்புங்க."

அவர் நின்ற பக்கம் இடது குழாய் இருந்தது. குனிந்து, நுனியைப் பொருத்தி, தொட்டும் தொடாமலும் திருப்பினார். கண்ணை வைத்துப் பார்த்தார். மேலே இருந்த நட்சத்திரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். மலையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். ஒன்றுதான் இருந்தது. எந்த இழுப்பும் இல்லாமல் அப்படியே நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

"டீச்சர், அக்கரைக்கு டவுன்பஸ் இன்னும் இருக்கா?"

"இருக்கு. உலகம்மா மதினி சொல்லியிருப்பாங்களே, எட்டு மணிக்கு ஒண்ணு போகும்."

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஸ்டாண்டிலிருந்து பைனாகுலரைக் கழற்றக் கை வைத்தார்.

"இதையும் கொண்டு போறேன். பேத்தியப் பாக்கணும்லா."

"அது இங்கயே கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "மடியில இருக்கற பிள்ளை அதுல தெரியாது."